டிரம்முக்குப் பின்னாடி ஒரு காது

அதை மேல வைக்காதீங்க தம்பி. என் மடியிலயே இருக்கட்டும். எவனாவது ஒரு சூட்கேஸைத் தூக்கி அதுமேல போட்டான்னா அப்பளம் மாதிரி நொறுங்கிரும். ரெக்கார்டு தம்பி, இசைத்தட்டு. இந்தக் காலத்துல இதையெல்லாம் எவன் கேக்குறான்னு நினைக்கிறீங்கல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன். இப்ப மறுபடி இதுக்குத்தான் மவுசாம். என் வீட்டுல இதைப் போட்டுக் கேக்க மிஷின் கிடையாது, அது வேற விஷயம்.

பாருங்க, பரவால்ல. கையைத் தொடைச்சுக்கிட்டுப் பிடிங்க, இப்பத்தான வடை சாப்பிட்டீங்க.

மேல என்ன போட்டிருக்கு? கொஞ்சம் சத்தமாப் படிங்க, என் கண்ணாடி பைக்குள்ள கிடக்கு. 'இயக்குநர் குலோத்துங்கன்: முதல் மூன்று படங்களின் இசை.' ஆங். சுண்ணாம்புச் சுவர், தண்டவாளப் பூ, பாதி ராட்டினம். நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்க. இந்தப் படங்கள்ல உள்ள பாட்டெல்லாம் அப்பவே கேசட்டுல வந்துருச்சு. இது பாட்டு இல்ல. ரீரெக்கார்டிங். ஒருத்தி தனியா நடந்து வர்றப்ப, கதவைச் சாத்துறப்ப, ஆளு செத்துக் கிடக்குறப்ப பின்னாடி ஒண்ணு வாசிப்பாங்கல்ல, அது. படத்துக்குப் போனாத்தான் அதைக் கேக்க முடியும். அதைமட்டும் தனியா எடுத்து இப்பத்தான் முதத் தடவையாப் போட்டிருக்காங்க. நேத்து மெட்ராஸ்ல பெரிய விழா. அங்கருந்துதான் வர்றேன்.

இப்ப அந்தப் போட்டோவைப் பாருங்க. கோட்டு போட்டுக்கிட்டு வரிசையா நடந்து வர்றோம்ல? ஜெயராக்கினி பேண்டு செட், திண்டுக்கல். நடுவுல பெரிய டிரம்மைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் பல்லைக் காட்டிக்கிட்டு வர்றான் பாத்தீங்களா? அது நான் இல்ல. அவனுக்குப் பின்னாடி, டிரம் விளிம்புக்கு மேல, ஒரு காது தெரியுதுல்ல? அதான் நான். தெரு முக்குல எடுத்த படம், முன்னாடி போன நான் அதுக்குள்ள திரும்பிட்டேன்.

சிரிக்காதீங்க தம்பி. செட்டுக்கு மாஸ்டர் நான். எஸ்தாக்கி மாஸ்டர்னா மரியநாதபுரத்துல கேளுங்க, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. கிளாரினெட் நான். எனக்குக் கிடைச்சது ஒரு காது. அவனுக்கு முப்பத்திரண்டு பல்லும்.

அவன் யாரா? அவனைப் பத்தி நான் பேசுறதே இல்ல. என் மச்சினன். எங்க வீட்டுல, பிலோமினா, அவளுக்குக் கூடப் பொறந்த தம்பி. சூசைன்னு பேரு. அவ்வளவுதான். அதுக்கு மேல அவனைப் பத்திப் பேச ஒண்ணும் இல்ல.

விஷயத்துக்கு வர்றேன். குலோத்துங்கன் சார் எங்க பக்கத்து ஆளு. அவரு அக்கா கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்கதான் வாசிச்சோம். அப்ப அவரு மீசைகூட சரியா முளைக்காத பயலா எங்க பின்னாடியே வந்தாரு. அப்புறம் மெட்ராஸுக்குப் போயி அங்க இங்க அல்லாடி, முதல் படம் எடுக்குறாரு. பாட்டு வரைக்கும் ஒரு மியூசிக் டைரக்டர் செஞ்சு குடுத்துட்டு, ரீரெக்கார்டிங் நேரத்துல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. ரிலீஸ் தேதி குறிச்சாச்சு. இவருக்கு எங்க ஞாபகம் வந்துச்சு. எங்க ஞாபகம்னா, என் கிளாரினெட் ஞாபகம்னு வச்சுக்கங்க.

போனோம் தம்பி. கோட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு ஒரு வேன்ல போயி இறங்குனோம். கோடம்பாக்கத்துல ரெக்கார்டிங் தியேட்டரு. அங்க ஒரு சவுண்டு இன்ஜினியரு, ரொம்பச் சுத்தக்காரரு. வாசல்லயே நிறுத்திட்டாரு. பூட்ஸைக் கழட்டுங்கன்னாரு. கழட்டுனோம். உள்ள போனா தரை பூரா மெத்து மெத்துன்னு கம்பளம். வரிசையா நாற்காலி. உக்காருங்கன்னாரு. உக்காந்தோம்.

அங்கதான் மாட்டுனோம்.

நீங்களே சொல்லுங்க, பேண்டு செட்டுக்காரன் என்னைக்கு உக்காந்து வாசிச்சிருக்கான்? கல்யாணமோ, தேரோ, எழவோ, எலெக்‌ஷன்ல எவனாவது ஜெயிச்சாலோ, நாங்க நடந்துகிட்டேதான் வாசிப்போம். காலு போற கணக்குலதான் கையும் போகும், மூச்சும் போகும். நாற்காலியில உக்காத்தி வச்சு வாசிக்கச் சொன்னா? ஒருத்தன் கோயிலுக்குப் போறான், ஒருத்தன் சுடுகாட்டுக்குப் போறான், டிரம்பெட்டுக்காரன் எங்க போறான்னு அவனுக்கே தெரியல. இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. எனக்கு மானம் போவுது. மாஸ்டர் நான்ல?

அப்ப இந்தச் சூசை எந்திரிச்சான். அதிகப்பிரசங்கி. மாஸ்டர் நான் இருக்கேன், இவன் எந்திரிக்கிறான். "சார், காலு சும்மா கிடந்தா கைக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது சார்"ன்னான்.

குலோத்துங்கன் சார் சிரிச்சுட்டாரு. "அப்ப நடங்கய்யா. யாரு வேணாம்னா?"

நாற்காலியெல்லாம் வெளிய போச்சு. நடுவுல ஒரே ஒரு மைக்கு தொங்குது. அதைச் சுத்திச் சுத்தி வந்து வாசிச்சோம், தம்பி. கம்பளத்துல வெறுங்காலோட நடந்தா சத்தமே கேக்கல. பூட்ஸ் சத்தத்தைக் காதுல வாங்கியே பழகுனவங்க நாங்க. மறுபடி தடுமாறுறோம். உடனே இவன் நாங்க எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் டிரம்முல லேசா ஒரு தட்டு தட்டுனான். நடக்குற சத்தம் மாதிரியே. என்னமோ அவன் தட்டலன்னா எங்களுக்கு நடக்கத் தெரியாத மாதிரி. ஆனா எல்லாம் சரியாகிப் போச்சு, அதை நான் இல்லேங்கல.

அந்தச் சீன்ல ஒரு அம்மா சுண்ணாம்பு அடிச்ச சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும். புருசன் போயிட்டான். எதுக்க திரையில அது ஓடுது, நாங்க வாசிக்கிறோம். நான் மைக்குகிட்ட வர்றப்ப கிளாரினெட் நெஞ்சுல வந்து அடிக்கும். அந்தப் பக்கம் போறப்ப எங்கயோ தெருக்கோடியில கேக்கும். மறுபடி கிட்ட வரும். இன்ஜினியர் "இது ரெக்கார்டிங்கே இல்ல சார், இதை நான் எப்படி எடுக்குறது"ன்னு கத்துறாரு. குலோத்துங்கன் சார் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே, "அப்படியே எடுங்க"ங்கிறாரு.

அட்டையைத் திருப்பிப் பாருங்க, பின்னாடி பெரிய பெரிய ஆளுங்க எழுதியிருக்காங்க. 'நெருங்கி வந்து விலகிச் செல்லும் அந்தக் கிளாரினெட் வாழ்வின் நிலையாமையை உணர்த்துகிறது.' நிலையாமையாம். ஒரு எடத்துல நிலையா நிக்கலங்கிறது உண்மைதான், வட்டம்ல போட்டுக்கிட்டு இருந்தோம்! ஆனா எழுத்தைப் பாருங்க, கிளாரினெட்டுன்னுதான போட்டிருக்கு? டிரம்முன்னு போட்டிருக்கா? அதைத்தான் நான் சொல்றேன்.

ரெண்டாவது படத்துக்கும் எங்களையே கூப்பிட்டாரு. அதுவும் நல்லாப் போச்சு. ஊருக்குள்ள எங்களுக்கு வந்த மரியாதை இருக்கே! கல்யாண வீட்டுல மாப்பிள்ளையை விட்டுட்டு எங்ககூட நின்னு போட்டோ எடுத்தாங்க.

டீ சாப்பிடுறீங்களா? சாப்பிடுங்க, நான் வாங்குறேன். கதை கேக்குறவங்களுக்கு நான் டீ வாங்கிக் குடுக்காம விட்டதில்ல. ரெண்டு டீ குடுப்பா.

மூணாவது படம். பாதி ராட்டினம். இப்ப சார் பெரிய ஆளு. பெரிய மியூசிக் டைரக்டரைப் போட்டாச்சு. வயலினே ஒரு லாரி நிறைய வருமாம். மெட்ராஸ்லருந்து ஒரு ஆளு வந்தான். ஜெயராக்கினி செட்டுலருந்து ஒருத்தர் மட்டும் வந்தாப் போதும்னு சொல்லிவிட்டிருக்காங்க.

ஒருத்தர்னா யாரு தம்பி? நீங்களே சொல்லுங்க. மாஸ்டர் யாரு? நிலையாமை யாரு? நான் கோட்டைக்கூட சலவைக்குப் போட்டுட்டேன். அப்புறம் பாத்தா, பெரிய டிரம் அடிக்கிறவரு மட்டும் வரணுமாம்.

அன்னைக்குச் சாயங்காலம் சூசை எங்க வீட்டுக்கு வந்தான். உள்ள வரல. வாசப்படிக்குக் கீழயே நின்னான். "மச்சான், கூப்பிடுறாங்க. போகவா? நீங்க வேணாம்னா போகல"ன்னான்.

நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். "போ"ன்னேன்.

போயிட்டான் தம்பி!

போன்னு சொன்னா போயிருவானா? ஒரு மனுசன் எந்த முகத்தை வச்சுக்கிட்டு போங்கிறான்னு பாக்க வேணாமா? பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருந்தேனாம், பிலோமினா அப்புறம் சொன்னா. அதையாவது பாத்திருக்கலாம்ல? மறுநாள் காலையில டிரம்மை பஸ் மேல கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். அன்னைக்கு நிறுத்துனேன் பேச்சை.

அப்புறம் முப்பது வருசத்துக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. செட்டை விட்டுப் போகலயான்னு கேக்குறீங்களா? போவானா? எங்க போவான்? அவனும் விட்டுப் போகல, நானும் போகச் சொல்லல. அதே செட்டு. அதே வரிசை. எனக்கு ரெண்டடி பின்னாடி அவன். எத்தனை கல்யாணம், எத்தனை தேரு, எத்தனை எழவு! வாத்தியத்துல பேசிக்குவோம், வாயில கிடையாது. நான் கிளாரினெட்டை லேசா மேல தூக்குனா அவன் வேகம் குடுப்பான். தோளை இறக்குனா அடக்குவான். வேற யாரும் எனக்கு அப்படி வாசிச்சதில்ல, அது தொழில் விஷயம், அதை இதோட சேக்காதீங்க.

மத்த விஷயமெல்லாம் பிலோமினா மூலமாத்தான். அவன் அங்கருந்து "அக்கா, நாளைக்கு வேன் ஆறு மணிக்குன்னு சொல்லிரு"ம்பான். நான் இங்கருந்து "எனக்கு ஏற்கெனவே தெரியும்னு சொல்லிரு"ம்பேன். மூணு பேரும் ஒரே அறையிலதான் இருப்போம். "நான் என்ன தந்தி ஆபீஸா? ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் படுற பாடு!"ன்னு அவ தலையில அடிச்சுக்குவா. எங்க மக கல்யாணத்துக்குத் தாய்மாமனா வந்து சீர் வச்சான். குறையே சொல்ல முடியாது. தட்டை என் கையில குடுத்தான். நான் போட்டோக்காரனைப் பாத்துக்கிட்டே வாங்கிக்கிட்டேன்.

அந்தப் படத்தை நான் பாக்கல. சத்தியமாப் பாக்கல. டிவியில போட்டா எந்திரிச்சு வெளிய போயிருவேன். அதுல ராட்டினம் பாதியில நின்னுபோற கடைசி சீன்ல அவன் டிரம் வருதாம், தியேட்டரே அப்படியே உறைஞ்சு போயிருதாம். ஊரெல்லாம் இதே பேச்சு. கல்யாண வீட்டுல எவனாவது வந்து "மாஸ்டர், அந்த ராட்டினத்து டிரம்மு கொஞ்சம் போடுங்க"ம்பான். "அதெல்லாம் நம்ம செட்டுல கிடையாது"ன்னு சொல்லிருவேன். பின்னாடி ரெண்டடியில அவன் நிப்பான்.

இதுக்கு நடுவுலதான் இந்த ரெக்கார்டுக்காரங்க போன் போட்டாங்க. மாஸ்டர், விழாவுக்கு நீங்க ரெண்டு பேரும் வரணும், குலோத்துங்கன் சார் கண்டிப்பாச் சொன்னாருன்னு. ரெண்டு பேருமான்னேன். ரெண்டு பேரும்னாங்க. நான் ஒரு ரயில்ல போனேன், அவன் வேற ரயில்ல வந்தான். அங்க போயிப் பாத்தா முதல் வரிசையில பக்கத்துப் பக்கத்து நாற்காலியில எங்க பேரை ஒட்டி வச்சிருக்காங்க. அவங்களுக்கு என்ன தெரியும் எங்க விவகாரம்?

உக்காந்தோம். நான் வலது பக்கம் பாத்து உக்காந்தேன், அவன் இடது பக்கம்.

மேடையில ரெக்கார்டு சுத்துது. முதல் படம் போட்டாங்க. என் கிளாரினெட் வருது தம்பி, அந்த ஹாலு பூரா. கிட்ட வருது, தள்ளிப் போகுது. மயிர்க்கூச்செரிஞ்சு போச்சு எனக்கு. எல்லாரும் எந்திரிச்சு கை தட்டுனாங்க. ரெண்டாவது படமும் அப்படித்தான். நான் நல்லா சாஞ்சு உக்காந்துக்கிட்டேன்.

அப்புறம் மூணாவதைப் போட்டாங்க. எந்திரிச்சுப் போகலாம்னா முதல் வரிசை, நடுவுல வேற உக்காத்தி வச்சிருக்காங்க. எங்கிட்டுப் போறது? கேட்டேன்.

டிரம் மட்டும்தான். அந்த லாரி வயலினெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. வேற ஒண்ணுமே இல்ல. ஒருத்தன் தனியா நடந்து வர்ற மாதிரி. நல்லாத்தான் இருந்துச்சு. கேட்டுக்கிட்டே இருக்கேன், சட்டுனு நின்னுபோச்சு. சுத்தமா நின்னுபோச்சு. ஒண்ணும் இல்ல. அப்புறம் மறுபடி எடுத்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தம்பி. மாட்டுனான்டா மவனேன்னு நினைச்சேன். அவ்வளவு பெரிய படத்துல, அவ்வளவு பெரிய மியூசிக் டைரக்டர் முன்னாடி, நம்ம ஆளு தாளத்தைக் கோட்டை விட்டிருக்கான்! வலது பக்கம் உக்காந்திருந்தவரு கிட்டச் சொல்லக்கூடச் சொல்லிட்டேன், "கவனிச்சீங்களா, விட்டுட்டான்"னு.

திரும்பவும் டிரம் போகுது. நான் அடுத்த தப்பு எங்க வரும்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்பத்தான் இடது பக்கம் கண்ணு போச்சு. சூசை மேடையைப் பாத்துக்கிட்டே தொடையில தாளம் போட்டுக்கிட்டு இருக்கான். ரெக்கார்டுல டிரம் நின்னுச்சு. இவன் கையும் நின்னுச்சு. தொடைக்கு மேல, அப்படியே அந்தரத்துல. விட்டவன் கை மாதிரி இல்ல தம்பி அது. காத்துக்கிட்டு இருக்கிறவன் கை.

இப்ப உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஊர்வலத்துல தெரு முக்கு வந்துச்சுன்னா எங்க செட்டுல எட்டு அடி எடுத்து வைக்கிற வரைக்கும் பெரிய டிரம் சும்மா இருக்கும். அந்த எட்டு அடியும் கிளாரினெட்டுக்கு. நான் தனியா வாசிச்சுக்கிட்டே முதல்ல திரும்புவேன், அதைக் கேட்டுத்தான் பின்னாடி வர்ற கூட்டம் திரும்பும். எட்டு முடிஞ்சதும் டிரம் சேந்துக்கும். இது வேற எந்த செட்டுலயும் கிடையாது. நான் வச்ச பழக்கம்.

என் விரலு முழங்கால்ல தானா ஓடிக்கிட்டு இருக்கு. எண்ணிக்கிட்டு இருக்கேன். எட்டாவது அடியில டிரம் வந்து சேந்துச்சு.

அவன் விடல தம்பி. அது என் எடம்.

மூணாவது தடவை டிரம் நின்னப்ப என் வாய் சும்மா இருக்கல. கிளாரினெட் ஊர்ல கிடக்கு, வாயாலயே வாசிச்சேன். சத்தமா. அவ்வளவு பெரிய ஹாலு, பெரிய பெரிய ஆளுங்க, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. பாத்துட்டுப் போறாங்க. எட்டு அடியும் வாசிச்சு முடிச்சேன். டிரம் வந்து சேந்துக்கிட்டுச்சு. பக்கத்துல அவன் கை தொடையில இறங்குச்சு. அழுதுட்டேன் தம்பி. சொல்றதுக்கு என்ன, குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. சால்வை போட்டாங்க, மாலை போட்டாங்க. குலோத்துங்கன் சார் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. எல்லாம் முடிஞ்சு சாப்பாட்டு மேசையில நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். இலையில கேசரி வச்சிருக்கான், ரெண்டு பேரும் தொடல.

இன்னைக்கு அவன் தாம்பரத்துல மக வீட்டுல இருக்கான், நாளைக்குத்தான் ஊருக்கு வர்றான். காலையில பிலோமினாவுக்குப் போன் பண்ணி, "உன் தம்பிகிட்டப் பேசிட்டேன்"னேன். "குடிச்சிருக்கீங்களா?"ங்கிறா. நம்ப மாட்டேங்கிறா.

நான்தான் முதல்ல பேசுனேன், அதைக் குறிச்சுக்கங்க. எப்பவும் பெரியவங்கதான் எறங்கிப் போக வேண்டியிருக்கு. "ஏன்டா, இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதான?

அவன் கேசரியையே பாத்துக்கிட்டு இருந்தான். "ஊரே கேட்டுச்சு மச்சான். நீங்கதான் கேக்கல"ன்னான்.

அப்புறம் அவனே சொன்னான். மூணாவது படத்து ரெக்கார்டிங் அன்னைக்கு அந்த மியூசிக் டைரக்டர் படத்தை நிறுத்திட்டு வெளிய வந்து, "எதுக்குய்யா அங்க நிறுத்துற?"ன்னு கேட்டாராம். "அங்க எங்க மச்சான் வருவாரு சார்"ன்னானாம் இவன்.

"உங்க மச்சான்தான் வரலியேய்யா"ன்னாராம் அவரு.

"வருவாரு சார். நீங்க படத்தை ஓட்டுங்க"ன்னானாம்.